1976 புல்லட் இன்ஜின் ஒண்ணு: எதை மாத்தினோம், எதைத் தொடாம விட்டோம், ஏன்

புல்லட் இன்ஜின் வேலைன்னு பேச்சு எடுத்தாலே நம்ம ஆளுங்க முதல்ல கிளம்புறது ஸ்பேர் கடைக்குத்தான். பிஸ்டன் கிட், கான்ராட் கிட், வால்வு செட், டைமிங் கியர், கேஸ்கட் செட்னு ஒரு பெட்டி வந்து இறங்கும், அதுக்கப்புறம்தான் இன்ஜினை ஃப்ரேம்ல இருந்து கழட்டுவாங்க. கேட்டா "எப்படியும் பிரிக்கிறோம், எல்லாத்தையும் புதுசா போட்டுடலாமே"ன்னு பதில். கேக்க நியாயமாத்தான் இருக்கும். ஆனா அம்பது வருஷ இன்ஜின்ல பழைய பார்ட் நிறைய இடத்துல இன்னைக்கு கடையில கிடைக்கிற புதுசை விட நல்ல சரக்கு, அதை தூக்கிப் போட்டுட்டு தெரியாத ஒண்ணை உள்ள வைக்கிறதுக்கு காசும் குடுத்து வண்டியையும் கெடுத்துக்குறோம். இந்த ஒரு வண்டியை வச்சு அதைத்தான் விளக்கமா எழுதப் போறேன்.

வண்டி 1976 மாடல் புல்லட் 350, காஸ்ட் அயர்ன் பேரல் (பிஸ்டன் ஓடுற சிலிண்டர்), அலுமினிய ஹெட், 6 வோல்ட், வலது பக்க கியர். நண்பரோட பெரியப்பா வாங்கினது, கோயம்புத்தூர்லயே ஓடினது, நடுவுல ரொம்ப வருஷம் ஷெட்ல நின்னுது, இப்ப நண்பர் கைக்கு வந்திருக்கு. ஸ்டார்ட் ஆகுது, ஓடுது, ஆனா புகை, அடியில ஒரு தட்டுற சத்தம், நிறுத்துன இடத்துல எல்லாம் எண்ணெய். நண்பருக்கு ஆசை, எல்லாம் புதுசா வேணும், கான்ராடுக்கு (பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கிற ராடு) புஷ்ஷுக்கு பதிலா ரோலர் பேரிங் வர்ற ரோலர் கிட் போடணும், இன்னும் முப்பது வருஷம் ஓடணும்.

இந்த இன்ஜின் பத்தி ஒரு விஷயம் முன்னாடியே சொல்லிடணும், ஏன்னா பார்ட்ஸ் குழப்பம் பூராவும் அங்கதான் ஆரம்பிக்குது. 70 மிமீ போர் (பேரலோட உள்விட்டம்), 90 மிமீ ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேல கீழ போற தூரம்), 346 சிசி, இங்கிலாந்து ரெடிட்ச்ல 1940-கள் கடைசியில வந்த டிசைன், 1955-ல மெட்ராஸ்ல என்ஃபீல்ட் கம்பெனி ஆரம்பிச்சு அப்புறம் திருவொற்றியூர்லயே முழுசா செய்ய ஆரம்பிச்சாங்க, சின்னச் சின்ன மாத்தத்தோட 2010 ஒட்டி வரைக்கும் இதே காஸ்ட் அயர்ன் இன்ஜின் ஓடிச்சு. இவ்ளோ காலம் ஒரே மாதிரி இருந்ததால சென்னை ஜிபி ரோட்லயும் டெல்லி கரோல் பாக்லயும் எந்த பார்ட் கேட்டாலும் எடுத்துக் குடுத்துடுவாங்க. வசதிதான். ஆனா "மாட்டுது"ங்கிறதும் "சரியா இருக்கு"ங்கிறதும் வேற வேற. எந்த வருஷத்து சைஸ், எவன் செஞ்சது, எந்த இரும்புன்னு டப்பா மேல எழுதியிருக்காது, அளந்து பாத்தாத்தான் தெரியும்.

பிரிக்கிறதுக்கு முன்னாடி

புகைன்னு ஒரே வார்த்தையில சொல்லிடுறோம், ஆனா எப்ப புகையுதுன்னு பாக்கணும். ராத்திரி நிறுத்தி வச்சு காலையில கிக் அடிச்ச உடனே ஒரு மேகம் வந்து அஞ்சு நிமிஷத்துல குறைஞ்சுதுன்னா அது ரிங் கேஸ் கிடையாது. புல்லட்ல எண்ணெய் டேங்க் கிராங்க்கேஸோட பின்பகுதியிலேயே இருக்கு, நிறுத்தி வச்சா பம்ப் வழியாவோ டைமிங் கவர்ல இருக்குற கார்க் சீல் வழியாவோ எண்ணெய் மெதுவா கிராங்க் இருக்குற பக்கம் இறங்கிடும், காலையில ஃப்ளைவீல் அந்த எண்ணெயை அள்ளி பேரல் பூரா அடிக்கும். கிக் கூட கனமா இருக்கும். ஆக்சிலேட்டர் முறுக்கி ஏத்தம் ஏறும்போது புகைஞ்சா ரிங், போர். முறுக்கினதை விட்டுட்டு இறக்கத்துல இறங்கும்போது புகைஞ்சா வால்வு கைடு (வால்வு தண்டு ஏறி இறங்குற குழாய்), ஏன்னா த்ராட்டில் மூடியிருக்கும்போது இன்லெட் பக்கம் வாக்குவம் அதிகம், கைடு வழியா எண்ணெயை இழுத்துக்கும்.

நம்ம வண்டியில மூணுமே இருந்துச்சு. காலைப் புகை, ஏத்தத்துல புகை, இறக்கத்துல கொஞ்சம். தட்டுற சத்தம் லோடு குடுத்தா மட்டும்.

இன்னொண்ணு, பிரிச்ச உடனே பெட்ரோல்ல கழுவிடாதீங்க. மெக்கானிக் பசங்களுக்கு கழுவுறதுதான் முதல் வேலை, அழுக்கோட சேத்து சாட்சியையும் கழுவி விட்டுடுவாங்க. பிஸ்டன் தலையில கரி எங்க இருக்கு, எங்க எண்ணெய் பட்டு சுத்தமா இருக்கு, இன்லெட் வால்வு கழுத்துல கரி எவ்ளோ கட்டியிருக்கு, சம்ப்ல இருந்து வடிச்ச எண்ணெயில மினுமினுப்பு வெள்ளையா மஞ்சளா, காந்தத்துல ஒட்டுதா, இதெல்லாம் முதல் பார்வையிலயே கிடைக்கிற தகவல். இதுல பிஸ்டனோட ஓரம் பின்பக்கம் நல்லா கழுவி விட்ட மாதிரி அலுமினியம் தெரிஞ்சுது, இன்லெட் வால்வு கழுத்துல ஈரக் கரி தடியா இருந்துச்சு. வடிச்ச எண்ணெயில சாம்பல் நிறத்துல மெல்லிசா ஒரு மினுமினுப்பு, காந்தத்துல ஒட்டல, அதாவது இரும்புத் தூள் இல்ல, பிக் எண்ட் (கான்ராட் கிராங்க்கோட சேர்ற கீழ்முனை) புஷ்ஷோட ஒயிட் மெட்டலா (அது மேல பூசின மெத்து உலோகம்) இருக்கலாம். சந்தேகம் அங்கயே கான்ராட் மேல விழுந்துடுச்சு.

போர்: இங்க மாத்தாம முடியாது, ஆனா எவ்ளோ?

பேரல்ல ஏற்கனவே ஒரு தடவை 20 தௌ (ஒரு தௌன்னா அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு) பெருசா போர் பண்ணி ஓட்டியிருக்காங்க, பிஸ்டன் மேல 020-ன்னு இருந்துச்சு. போர் கேஜ் வச்சு ரிங் ஓடாத அடிப்பகுதியில 70.52 மிமீ, மேல முதல் ரிங் திரும்புற இடத்துல முன்ன பின்ன திசையில 70.67. அதாவது 0.15 மிமீ தேய்மானம்.

போர் கேஜ் இல்லைன்னா கவலைப்பட வேணாம், ரிங் ஒண்ணு, ஃபீலர் கேஜ் ஒண்ணு போதும். ரிங்கை பேரல் அடியில வச்சு பிஸ்டனால தள்ளி நேராக்கி இடைவெளி பாருங்க, அப்புறம் மேல அதிகம் தேய்ஞ்ச இடத்துல பாருங்க. ரெண்டுக்கும் வித்தியாசத்தை 3.14-ஆல வகுத்தா விட்டத்துல எவ்ளோ தேய்ஞ்சிருக்குன்னு வந்துடும். எங்களுக்கு அடியில 0.48, மேல 0.95, வித்தியாசம் 0.47, வகுத்தா 0.15. போர் கேஜ் சொன்னதேதான்.

இந்தக் கணக்கை தெரிஞ்சுக்கிட்டா "ரிங் மட்டும் மாத்திப் பாக்கலாமா"ங்கிற கேள்விக்கு பதில் தானா வந்துடும். புது ரிங்கை கீழ சரியா 0.3 இடைவெளி வச்சு போட்டாலும் மேல போகும்போது அது 0.77 ஆகத்தான் போகுது, ஒவ்வொரு ஸ்ட்ரோக்கும் ரிங் விரிஞ்சு சுருங்கி விரிஞ்சு சுருங்கி ஓடும், கொஞ்ச நாள்ல உடையும், உடைஞ்சா பேரலையும் கீறும். அதனால ரிங் மட்டும்ங்கிற பேச்சே இல்ல.

அடுத்து எந்த சைஸ். கடையில 30 தௌ பிஸ்டன் கைல இருந்துச்சு, 30 தௌன்னா 70.76 மிமீ, நம்ம பெரிய அளவு 70.67, அப்போ 0.09 இருக்கே போதும்னு தோணும். கோயம்புத்தூர் கணபதி ஏரியாவுல இருக்குற லேத் மாஸ்டரும் "முப்பதுலயே வந்துருமுங்க தம்பி, எதுக்கு நாப்பதுக்கு போறீங்க, அடுத்த போருக்கு இடம் வேணுமுல்ல"ன்னாரு. ஆனா தேய்மானம் சுத்தி ஒரே மாதிரி இல்ல, பவர் ஸ்ட்ரோக்ல பிஸ்டன் பின்சுவரைத்தான் அழுத்தும், நம்ம பேரல்லயும் 0.15-ல பெரும்பங்கு பின்பக்கம். பழைய மையத்தை அப்படியே வச்சு அந்தப் பள்ளம் முழுசா போற அளவுக்கு வெட்டணும்னா ஆரம் 35.26-ஓட 0.15 சேந்து 35.41, விட்டம் 70.82 வேணும். 30 தௌல அது வராது, பின்னாடி ஒரு பிறை மாதிரி வெட்டாத இடம் மிச்சமாகும். மையத்தை கொஞ்சம் பின்னாடி தள்ளி வச்சு வெட்டினா வரும், பல இடத்துல அப்படித்தான் செய்றாங்க, ஆனா மேல தேய்ஞ்ச இடத்துக்கு சென்டர் பண்ணா போர் அடித்தளத்துக்கு நேர் செங்குத்தா இருக்காது, பிஸ்டன் சாஞ்சு ஓடும். அதனால 40 தௌ, 71.02 மிமீ. 346 சிசி கிட்டத்தட்ட 356 ஆகும், அது ஒண்ணும் தெரியாது. லைனர் (பேரலுக்குள்ள இறக்குற புது உள்குழாய்) அடிச்சு ஸ்டாண்டர்டுக்கு கொண்டு வரலாமான்னும் பேச்சு வந்துச்சு, சுவர் தடிமன் நல்லா இருக்குறப்போ அது இப்ப தேவையில்ல, கடைசி சைஸும் முடிஞ்சப்புறம் பாத்துக்கலாம்.

இதுல நான் விட்டுக்குடுக்காத ஒண்ணு, பிஸ்டனை கைல குடுத்து அதை அளந்து அதுக்கு போர் பண்ணச் சொல்லணும். சார்ட்ல இருக்குற நம்பருக்கு பண்ணச் சொல்லக்கூடாது, ஏன்னா ஒரே சைஸ் எழுதின ரெண்டு பிஸ்டனே வேற வேற அளவு இருக்கும். கிளியரன்ஸ், அதாவது பிஸ்டனுக்கும் பேரலுக்கும் நடுவுல விடுற இடைவெளி விஷயத்துல மாஸ்டரோட கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருந்துச்சு. இப்ப அவங்ககிட்ட வர்றது பூராவும் 100 சிசி, 150 சிசி வண்டி, 40 மைக்ரான் (0.04 மிமீ) விட்டு பழகின கை. "நூறு மைக்ரான் விட்டா பிஸ்டன் அடிக்குமுங்க, அப்புறம் என்னைய சொல்லக்கூடாது"ன்னாரு. அவரு சொல்றதுலயும் அர்த்தம் இருக்கு, குளிர்ல கொஞ்சம் தட்டத்தான் செய்யும். ஆனா கணக்கு பாருங்க, அலுமினியம் ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டர்ல சுமார் 23 மைக்ரான் வளரும், வார்ப்பிரும்பு 11. ரெண்டும் 100 டிகிரி சூடாகுதுன்னு வச்சா 70 மிமீ பிஸ்டன் 0.16 வளரும், போர் 0.08-தான் வளரும், மிச்சம் 0.08 நாமதான் குடுக்கணும். பிஸ்டன் போரை விட அதிகமாவே சூடாகும். 40 மைக்ரான் விட்டுட்டு பாலக்காடு வரைக்கும் வெயில்ல ஓட்டினா வாளையார்லயே பிஸ்டன் இறுகி சீஸ் ஆகி நிக்கும். கடைசியில 100 மைக்ரான்லயே நின்னோம்.

அடிப்பகுதி

இங்கதான் நண்பரோட ரோலர் கிட் ஆசை. இந்த இன்ஜின்ல பிக் எண்ட்ல பேரிங் கிடையாது, ஃப்ளோட்டிங் புஷ், உள்ளயும் வெளியயும் ஒயிட் மெட்டல் பூசின இரும்பு வளையம், கிராங்க் பின் மேலயும் சுத்தும், ராடுக்குள்ளயும் சுத்தும். சுத்தமான எண்ணெய் தொடர்ச்சியா போனா ரொம்ப காலம் வரும், எண்ணெய் தடைபட்டா சீக்கிரம் போயிடும். ரோலருக்கு அவ்ளோ எண்ணெய் வேணாம், அதான் அதுக்கு நல்ல பேர் வந்ததுக்கு காரணம்.

கான்ராட் ஆட்டத்தை பாக்கும்போது நிறைய பேர் ஏமாந்துடுறாங்க. ராடோட மேல்முனையை பிடிச்சு இடம் வலமா ஆட்டினா ஆடத்தான் செய்யும், அது இருக்க வேண்டிய ஆட்டம். நேரா மேல இழுத்து கீழ அழுத்தினா துளி கூட அசையக்கூடாது. எண்ணெய் பசை இருந்தா அது ஆட்டத்தை மறைச்சுடும், இதுக்கு மட்டும் கழுவிட்டுத்தான் பாக்கணும். நம்மளுது கழுவினதும் டொக் டொக்குனு தெளிவா கேட்டுச்சு. ஃப்ளைவீலைப் பிரிச்சா புஷ்ல ஒயிட் மெட்டல் பாதி இடத்துல இல்ல, கிராங்க் பின்ல நடுவுல நகத்துல தட்டுப்படுற வரி. பின், புஷ் ரெண்டும் மாத்தியாகணும், சந்தேகமே இல்ல.

ராடு? கிட்ல புது ராடோடதான் வரும், வாங்கியாச்சு. கைல எடுத்துப் பாத்தா பளபளன்னு அழகா இருக்கு. ரெண்டு ராடையும் ஒரே சோதனைக்கு உட்படுத்தினோம், பெரிய ஓட்டையில ஒரு மேண்ட்ரல் (அளவான உருளைக் கம்பி), சின்ன ஓட்டையில ஒரு நீளக் கம்பி, பெருசை வி-பிளாக்ல உக்கார வச்சு சின்னதுல இருக்குற கம்பியோட ரெண்டு முனையிலயும் டயல் கேஜ். பழைய ராடு 100 மிமீ நீளத்துக்கு 0.02 வித்தியாசம். புதுசு 0.11. புதுசைப் போட்டிருந்தா பிஸ்டன் ஒரு பக்கமா சாஞ்சு அந்த 100 மைக்ரான் கிளியரன்ஸ்ல பாதியை அதுவே தின்னிருக்கும். பழைய ராடோட பெரிய ஓட்டை வட்டம் சரியா இருந்துச்சு, ராடு அப்படியே இருக்கட்டும், கிட்ல இருந்து பின், புஷ் மட்டும் அளந்து சரியா இருந்ததால எடுத்துக்கிட்டோம், சின்ன முனை புஷ் புதுசா அடிச்சு ரீமர் பண்ணோம். பணம் குடுத்து வாங்கின ராடு அலமாரியில கிடக்கு. நண்பருக்கு இது ஜீரணிக்க கொஞ்சம் நேரம் ஆச்சு, "காசு குடுத்தத வெளிய வச்சுட்டு துருப்பிடிச்சத உள்ள போடுறியேடா"ன்னாரு. டயல் கேஜ் முள்ளைக் காட்டினேன், அப்புறம் பேசல.

ரோலரை ஏன் வேணாம்னு சொன்னேன்னா, நாங்க பாத்த கிட்ல ராடு பழசை விட கனம், சிங்கிள் சிலிண்டர்ல ராடு பிஸ்டன் எடை மாறினா ஃப்ளைவீல் பேலன்ஸும் மாறும், அதைத் திரும்ப பாக்காம போட்டா ஹேண்டில்பார்ல நடுக்கம். அதோட இந்த வண்டி மணிக்கு அறுபதுல தான் ஓடப் போகுது. எண்ணெய் ஏன் போகலைன்னு கண்டுபிடிக்காம பேரிங் வகையை மாத்துறது எனக்கு சரியாப் படல. புது பிஸ்டனை ரிங், பின்னோட எடை போட்டோம், பழசுக்கு சில கிராம்தான் வித்தியாசம், அதை விட்டுட்டோம்.

ஃப்ளைவீலுக்குள்ள கிராங்க் பின்னுக்கு எண்ணெய் போற ஓட்டையை தொறந்தா, உள்ள கரி கலந்த களிம்பு கட்டி பாதி அடைச்சிருக்கு. புஷ் போனதுக்கு இதுதான் காரணம். கம்பி விட்டு, டீசல் அடிச்சு, காத்து அடிச்சு மறுபக்கம் தாராளமா வர்ற வரைக்கும் சுத்தம் பண்ணோம். இதைச் செய்யாம ரோலரோ புஷ்ஷோ எது போட்டாலும் அதே கதிதான், இந்த வேலைக்கு பார்ட் செலவே கிடையாது, அதனாலதானோ என்னவோ யாரும் செய்றதில்ல.

மெயின் பேரிங் விஷயம் நேர் எதிர். மூணு பேரிங்கும் கையால சுத்தினா சத்தம் இல்ல, ஆட்டம் இல்ல, ரேஸ்ல குழி இல்ல. ஆனாலும் மாத்திட்டோம். பேரிங்ங்கிறது எந்த ஊர்லயும் நம்பகமான கம்பெனியோடது நம்பர் சொல்லி வாங்கக்கூடிய சரக்கு, விலை கம்மி, ஆனா அது போனா மறுபடி கிராங்க்கேஸ் வரைக்கும் இறங்கணும். புதுசு பழசை விட மோசமா இருக்க வாய்ப்பில்லாத இடம் இது. ஷெட்ல வருஷக்கணக்கா நின்ன வண்டியில ரோலர் ஒரே இடத்துல நின்னு ஈரத்துல மெல்லிய கறை பிடிச்சிருக்கும், இப்ப சத்தம் வராது, ஓட ஆரம்பிச்சப்புறம் வரும். நம்பரோட பக்கத்துல இருக்குற கிளியரன்ஸ் எழுத்தையும் பழசுல பாத்து அதே வாங்கணும், அது முக்கியம்.

ஆனா பேரிங்கை விட அது உக்கார்ற இடத்தைத்தான் நான் ரொம்ப நேரம் பாத்தேன். இடது பக்க கேஸ்ல பேரிங் வெளி ரேஸ் உக்கார்ற வளையத்துல ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி மாதிரி மினுங்குச்சு, ரேஸ் கொஞ்சம் சுத்த ஆரம்பிச்சதுக்கு அடையாளம். கேஸை சுமார் 100 டிகிரிக்கு சூடு பண்ணி புது பேரிங்கை வச்சா தானா விழுந்துச்சு, ஆறினப்புறம் கையால அசைக்க முடியல. பிடிப்பு இன்னும் இருக்கு, ஸ்லீவ் அடிக்கிற அளவுக்கு போகல, ரிடெய்னிங் காம்பவுண்டு (பேரிங்கைப் பிடிச்சு வைக்கிற பசை) மட்டும் தடவி உக்கார வச்சாச்சு. ஆறினப்புறமும் கையால தள்ள முடிஞ்சிருந்தா கேஸை போர் பண்ணி ஸ்லீவ் போட்டே ஆகணும், காம்பவுண்டு அங்க காப்பாத்தாது.

எண்ணெய் பக்கம்

டைமிங் கவர்ல ரெண்டு பம்ப், ஒண்ணு எண்ணெயை உள்ள தள்ளும், ஒண்ணு திரும்ப டேங்குக்கு இழுக்கும், ரெண்டுமே ப்ளஞ்சர் டைப், தட்டையான டிஸ்க் முன்ன பின்ன அசைஞ்சு ஓட்டையைத் திறந்து மூடும். கவரைக் கழட்டின உடனே பம்ப் கிட் வாங்கிப் போடுறது வழக்கமாயிடுச்சு. பழைய ப்ளஞ்சரை எண்ணெய் தடவி ஓட்டையில விட்டு வாயை விரலால மூடிட்டு இழுத்தா விரலை உறிஞ்சிப் பிடிக்குது, இதுக்கு மேல என்ன வேணும். கடையில வாங்கிப் பாத்த புது ப்ளஞ்சர் அதே ஓட்டையில லூசா இறங்குச்சு. டிஸ்க் முகத்துல மட்டும் மெல்லிய கீறல், தடிமனான கண்ணாடி மேல மெல்லிய பேஸ்ட் வச்சு எட்டு போடுற மாதிரி தேச்சு முகம் பூராவும் ஒரே சாம்பல் நிறம் வர்ற வரைக்கும் எடுத்தோம், ஸ்பிரிங் மட்டும் புதுசு. காலைப் புகைக்கு முக்கியமான காரணம் இந்த டிஸ்க்கும், கிராங்க் முனைக்கு எண்ணெய் போற இடத்துல இருக்குற கார்க் சீலும்தான். கார்க் காஞ்சு கல்லு மாதிரி இருந்துச்சு. கவர் எப்ப கழட்டினாலும் அந்த கார்க்கை மாத்திடுங்க, அது போனா அழுத்தம் பூரா அங்கயே கசிஞ்சு பிக் எண்டுக்கு எண்ணெய் போகாது. இவ்ளோ பெரிய இன்ஜினோட உயிர் அந்த சுண்டைக்காய் சைஸ் கார்க்ல இருக்கு.

கிராங்க் முனையில பம்பை ஓட்டுற வார்ம் நட் இடது மரை, வலது பக்கம் திருப்பினாத்தான் கழலும். தெரியாம பெரிய ஸ்பேனர் போட்டு உடைச்ச வண்டி நிறைய இருக்கு.

கேஸ்கட் பூராவும் மாத்தியும் சில வண்டி எண்ணெய் ஒழுகுறதுக்கு ப்ரீதர்தான் (கிராங்க்கேஸ் காத்தை வெளிய விடுற ஒருவழி வால்வு) காரணம். பிஸ்டன் இறங்கும்போது கேஸ்ல இருக்குற காத்து வெளிய போகணும், ஏறும்போது திரும்ப உள்ள வரக்கூடாது. வாயால ஊதிப் பாத்தா போதும், ஒரு பக்கம் போகணும் மறுபக்கம் அடைக்கணும். நம்மளுதுல ரெண்டு பக்கமும் தாராளமா போச்சு. அதையும் மாத்தியாச்சு, சின்ன செலவு.

கேம், டாப்பெட் (கேம் மேல உக்காந்து புஷ்ராடைத் தள்ளுற துண்டு) பக்கம் நான் புதுசு வாங்கவே விடல. எக்சாஸ்ட் டாப்பெட் அடியில சின்னக் குழிகள், கேம் முகம் நல்லா இருக்கு. கடைக்காரர் ஒரு புது டாப்பெட் குடுத்தாரு, வேலை செய்யாத ஓரத்துல அரத்தால லேசா இழுத்துப் பாத்தேன், அரம் கடிச்சுது. சரியா ஹார்டன் பண்ண இரும்புன்னா அரம் வழுக்கிட்டுப் போகணும். மெத்து டாப்பெட் தான் மட்டும் போகாது, கேமையும் சேத்து தின்னுட்டு போகும், அந்தத் தூள் எண்ணெயோட பிக் எண்டுக்கு வரும். பழைய டாப்பெட்டை குழி போற அளவுக்கு மட்டும் கிரைண்ட் பண்ணி திரும்பப் போட்டோம். டைமிங் கியர் பூராவும் பழசு, ஒண்ணோட ஒண்ணு ஓடிப் பழகின பல்லு, ஒண்ணை மட்டும் மாத்தினா ஊளைச் சத்தம் நிச்சயம்.

ஹெட்

இது சீக்கிரம் முடிஞ்சுடுச்சு. கைடு ரெண்டும் புதுசு, எக்சாஸ்ட் வால்வு தண்டு தேய்ஞ்சு படி விழுந்திருந்துச்சு, அதுவும் புதுசு, இன்லெட் வால்வு மைக்ரோமீட்டர்ல சரியா இருந்ததால கிரைண்ட் பண்ணி அதையே போட்டோம். ஸ்பிரிங் விலை கம்மி, உடைஞ்சா வால்வு பிஸ்டன் மேல விழும், யோசிக்காம மாத்திடணும். வால்வு சீட்டை (வால்வு வந்து உக்கார்ற வளையம்) மட்டும் எவ்ளோ கம்மியா வெட்ட முடியுமோ அவ்ளோ, ஒவ்வொரு தடவை வெட்டும்போதும் வால்வு உள்ள இறங்கும், வெட்டின சீட் திரும்ப வளராது. 2000-ல ஈயம் கலந்த பெட்ரோல் நின்னதுல இருந்து சீட் தேயும்னு ஒரு பயம் பழைய வண்டிக்காரங்ககிட்ட இருக்கு, இது அலுமினிய ஹெட், சீட் தனியா அடிச்சது, இந்த வேகத்துல ஓட்டுற வண்டிக்கு அதுக்காக சீட் மாத்த வேணாம். ராக்கர் பிளாக் மேல் பாதி கீழ் பாதி ஜோடி மாறாம கட்டி வைக்கணும், ஜோடியா சேத்து ஓட்டை போட்டது, மாறினா இறுகிடும்.

போல்ட், ஸ்டட் பத்தி ஒரு வார்த்தை. கேஸ்கட், ஆயில் சீல், லாக் வாஷர், சர்க்ளிப் எல்லாம் கேள்வி கேக்காம புதுசு. ஆனா ஸ்டட், நட் நல்லா இருக்குற வரைக்கும் பழசுதான். இந்த இன்ஜின்ல பிரிட்டிஷ் மரை, அதுல 26 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 26 பல்) மரை நிறைய இடத்துல வரும், அதோட பிட்ச் (ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் இடைவெளி) 0.977 மிமீ, மெட்ரிக்ல 1.0 மிமீ பிட்ச்சுக்கு ரொம்ப பக்கம், பிட்ச் கேஜ் வச்சாக் கூட ஏமாத்தும். ஹார்டுவேர் கடை மெட்ரிக் போல்ட் ரெண்டு சுத்து உள்ள போகும், மூணாவது சுத்துல அலுமினிய கேஸ் மரையை வழிச்சு எடுத்துடும். இந்த வண்டியில டைமிங் கவர்ல ரெண்டு ஓட்டை ஏற்கனவே யாரோ அப்படி பண்ணி வச்சிருந்தாங்க, இன்சர்ட் (போன மரைக்கு பதிலா உள்ள வைக்கிற புது மரை) போட்டு பழைய மரைக்கே கொண்டு வந்தோம்.

கியர்பாக்ஸ் தனிப் பெட்டி, நாலு கியரும் சத்தமில்லாம விழுது, அதைத் திறக்கவே இல்ல. கிளட்ச் பிளேட் தடிமன் சரி, பிரைமரி செயின் டென்ஷனர்ல இன்னும் இடம் இருக்கு, விட்டாச்சு.

ஓட்டினப்புறம்

கட்டி முடிச்சு முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னாடி பிளக்கைக் கழட்டி வச்சுட்டு ஹெட்டுக்கு எண்ணெய் போற பைப் யூனியனை லூஸ் பண்ணி, அங்க எண்ணெய் எட்டிப் பாக்குற வரைக்கும் கிக்கை மிதிச்சோம். டாப்பெட் கிளியரன்ஸ் குளிர்ல பூஜ்யம், அதாவது புஷ்ராடை விரலால சுத்தினா சுத்தணும், மேல கீழ ஆடக்கூடாது. முதல் எண்ணெயை 100 கிலோமீட்டர்லயே வடிச்சுட்டோம், வார்ப்பிரும்புத் தூள் கொஞ்சம் காந்தத்துல வந்துச்சு, அது ரிங் படியிறது, சாம்பல் மினுமினுப்பு இல்ல. ஹெட் நட் எல்லாத்தையும் ஒரு தடவை திரும்ப டைட் பண்ணோம், பழைய ஸ்டட் எதுவும் இழுக்கல.

இப்ப காலைப் புகை இல்ல, ஏத்தத்துல புகை இல்ல. குளிர்ல முதல் ரெண்டு நிமிஷம் பிஸ்டன் லேசா தட்டுது, மாஸ்டர் சொன்னது சரிதான், சூடானதும் போயிடுது. டாப்பெட் சத்தம் கொஞ்சம் இருக்கு, கிரைண்ட் பண்ண டாப்பெட்டா இல்ல கேமாங்கிறது அடுத்த ஆயில் மாத்துறப்போ காந்தத்தைப் பாத்துட்டுத்தான் சொல்ல முடியும். கியர்பாக்ஸ் ஸ்ப்ராக்கெட் பின்னாடி சொட்டு எண்ணெய் வருது, அது திறக்காத பகுதி, செயின் மாத்தும்போது அந்த சீலைப் பாத்துக்கலாம்னு விட்டிருக்கோம். நண்பர் மட்டும் ரோலர் கிட் விலையை இன்னும் விசாரிச்சுக்கிட்டுத்தான் இருக்காரு.